காய்ச்சல் போயும் தலை தெளியாவிட்டால்: எந்த ஸ்கேன், எப்போது, எதற்கு?

கோவிடோ டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து, காய்ச்சல் இறங்கி, வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகும் சிலருக்குத் தலை மட்டும் தெளிவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவுகிறது. எழுந்து நின்றால் கிறக்கம். அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகிறது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது சொல்வார்கள்: "எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்."

அந்த 'ஒரு ஸ்கேன்' எது என்பதில்தான் சிக்கல். சி.டி. என்பார் ஒருவர், எம்.ஆர்.ஐ. என்பார் இன்னொருவர், மருந்து ஏற்றி எடுத்தால்தான் தெரியும் என்பார் மூன்றாமவர். மதுரைக்குப் போய் பெட் ஸ்கேன் எடுத்த ஒன்றுவிட்ட சித்தப்பா கதையும் நடுவே வந்துவிடும். ஆலங்குளத்திலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வரும் குடும்பத்துக்கு இவற்றில் தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும், பதிலும் கிடைக்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'வேறு ஏதாவது நோய் ஒளிந்திருக்கிறதா' என்ற கேள்விக்கு ஸ்கேன் நன்றாகப் பதில் சொல்லும். 'எனக்கு மந்தமாக இருக்கிறதே, அது உண்மையா' என்ற கேள்விக்கு எந்த ஸ்கேனும் பதில் சொல்லாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையைக் கேட்டு நோயாளி நொந்துபோகிறார்.

கோவிட் மூளையைப் பாதித்ததை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்களே என்று கேட்கலாம். பார்த்திருக்கிறார்கள். 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 51 முதல் 81 வயதுக்குள் 785 பேர். அவர்களில் 401 பேருக்கு இரண்டு ஸ்கேன்களுக்கு இடையில் கோவிட் வந்திருந்தது. மோப்பத்தோடு தொடர்புள்ள சில பகுதிகளில், வராதவர்களைவிட 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதல் மாற்றம் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எல்லாருக்கும் நோய்க்கு முந்தைய ஸ்கேன் பிரிட்டனின் பயோபேங்க் என்ற மருத்துவத் தகவல் சேமிப்பில் ஏற்கெனவே இருந்தது என்பது. முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் வைத்து, நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் கணக்குப் போட்டதால்தான் அந்த நூலிழை வித்தியாசம் புலப்பட்டது. நமக்கு முந்தைய படம் ஏது? ஒருவருடைய ஒற்றைப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, இதோ ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

சி.டி. ஸ்கேன்

இது அவசரத்துக்கான கருவி. சில நிமிடங்களில் முடியும். ரத்தக்கசிவு உடனே தெரியும். மண்டையோட்டு முறிவு, பெரிய கட்டி, மூளை நீர்த்தேக்கம் எல்லாம் தெரியும். டெங்குவில் பிளேட்லெட் விழுந்து கிடக்கும் நாட்களில் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, ஆள் குழறிப் பேசினாலோ, எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் எடுப்பது சி.டி.தான். அதுதான் சரியும்கூட.

ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சு குளறுவது, முதல் முறையாக வலிப்பு வருவது, திடீரென்று இரண்டிரண்டாகத் தெரிவது, காய்ச்சலோடு நினைவு தடுமாறிப் பேசுவது, இதுவரை வராத அளவுக்குச் சட்டென்று இடி விழுந்ததுபோல் தலைவலி வருவது: இதில் எது வந்தாலும் ஒப்பீட்டுக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் அதில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

ஆனால் மூன்று மாதமாக மறதி, மந்தம், கிறக்கம் என்று இருப்பவருக்கு சி.டி. எடுப்பதில் பெரும்பாலும் பிரயோசனம் இல்லை. நரம்புறை அழற்சி, மூளைத்தண்டில் சின்னப் பாதிப்பு, பழைய நுண்கசிவுகள் இவையெல்லாம் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். கதிர்வீச்சும் உண்டு, ஒரு தலை சி.டி.க்கு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் ஒரு வருடத்தில் சாதாரணமாக வாங்கும் அளவைவிடச் சற்றுக் குறைவு. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் காரணமில்லாமல் வாங்கிக்கொள்ளவும் வேண்டியதில்லை. மலிவாக இருக்கிறதே என்று சி.டி. எடுத்து, அதில் ஒன்றும் தெரியவில்லை என்று மறுபடி எம்.ஆர்.ஐ.க்கு எழுதி, இரண்டுக்கும் காசு கட்டிய குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம்.

எம்.ஆர்.ஐ.

நாள்பட்ட தொந்தரவுக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று நரம்பியல் டாக்டர் முடிவு செய்தால், எடுக்க வேண்டியது இதுதான். கதிர்வீச்சு கிடையாது. காந்தமும் ரேடியோ அலைகளும்தான். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி தவறிப்போய் மூளையின் வெள்ளைப் பகுதியைத் தாக்கும் அழற்சி, மூளைக்காய்ச்சல் விட்டுச்சென்ற தழும்பு, சின்னச் சின்னப் பக்கவாதங்கள், பார்வை நரம்பு வீக்கம் எல்லாம் இதில் தெரியும். பாதிப்பு எந்த இடத்தில் என்பதும் துப்புக் கொடுக்கும்: ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சல் பொட்டுப் பக்கத்து மடலைப் பிடிக்கும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் தலாமஸைப் பிடிக்கும், டெங்கு அபூர்வமாக மூளையைத் தாக்கும்போதும் தலாமஸைத் தொடுவது உண்டு.

எல்லா எம்.ஆர்.ஐ.யும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஒரே இயந்திரத்தில் பல வகைப் படங்கள் எடுக்கலாம். அழற்சிக்கு ஒரு வகை, புதிய பக்கவாதத்துக்கு ஒரு வகை, நுண்கசிவுக்கு ஒரு வகை, ரத்தக்குழாய்க்கு வேறு. கோவிடுக்குப் பிறகு மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து, விடாத தலைவலியாக நிற்பவர்கள் உண்டு. படுத்தால் வலி கூடும், காலையில் வாந்தி வரும், கண் மங்கும். அவர்களுக்குச் சிரைகளைப் பார்க்கும் வெனோகிராம் தேவை, சாதாரண சி.டி.யில் அது நார்மல் போலவே இருந்துவிடலாம். ஆகவே ஸ்கேன் சீட்டில் டாக்டர் 'தலைவலி' என்று ஒரு சொல் எழுதி அனுப்பினால் ஸ்கேன் மையத்தில் வழக்கமான படங்களை எடுத்து அனுப்பிவிடுவார்கள். 'கோவிடுக்குப் பின் ஆறு வாரமாகத் தலைவலி, படுத்தால் கூடுகிறது, சிரை அடைப்பு உண்டா' என்று எழுதியிருந்தால் அதற்கேற்ற படம் எடுப்பார்கள். சீட்டை வாங்கும்போது, "என்ன சந்தேகம்னு கொஞ்சம் விவரமா எழுதிக் குடுங்க சார்" என்று கேட்பதில் தப்பே இல்லை. நான் பார்த்தவரை நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

காந்தத்தின் பலத்தைச் சொல்லி விளம்பரத்தில் வரும் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா சண்டையில் நீங்கள் சேர வேண்டாம். மூன்று டெஸ்லாவில் படம் இன்னும் துல்லியம்தான். வலிப்பின் மூலத்தைத் தேடும்போது அந்த வித்தியாசம் உதவும். நாம் பேசுகிற கேள்விக்கு 1.5 தாராளம். எதைத் தேடச் சொல்லி அனுப்பினார்கள், யார் படித்துச் சொன்னார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

உள்ளே போகும் முன் சில காரியங்கள். இருபது முதல் நாற்பது நிமிடம் அசையாமல் குழாய்க்குள் படுக்க வேண்டும். சத்தம் கடப்பாரையால் இரும்பைத் தட்டுவதுபோல் இருக்கும். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள், கையில் அமுக்கிக் கூப்பிட ஒரு பந்தும் கொடுப்பார்கள். தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். நம் ஊர்ப் பெரிய அம்மாக்கள் தாலி விஷயத்தில்தான் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். முதல் நாளே வீட்டில் பேசி, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டு அழைத்துப் போனால் அங்கே வாக்குவாதம் மிச்சம். இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் கருவி, மூளை ரத்தக்குழாயில் கிளிப், கண்ணில் இரும்புத்தூள் பட்ட வெல்டிங் தொழில் இவை இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடைத்த இடம் என்றால் பயம் உள்ளவர்களும் முன்பே சொல்லிவிடலாம். லேசான மயக்க மருந்து கொடுத்து எடுக்க வழி இருக்கிறது.

மருந்து ஏற்றி எடுப்பதா, சும்மா எடுப்பதா? முதலில் சும்மா எடுப்பதே போதும் என்பது பெரும்பாலான நேரங்களில் சரி. அழற்சி இப்போதும் எரிந்துகொண்டிருக்கிறதா, கட்டியா, மூளை உறையில் தொற்றா என்ற சந்தேகம் வந்தால் கடோலினியம் மருந்து வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் அதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மிகவும் தேவைப்பட்டால் ஒழிய ஏற்றமாட்டார்கள்.

பெட் ஸ்கேனும் மற்றவையும்

பெட் ஸ்கேன் மூளை எந்த இடத்தில் எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டும். நீண்டகால கோவிட் தொந்தரவு உள்ளவர்களில் சில பகுதிகள் குறைவாக எரிப்பதைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அதுவும் கூட்டத்துக் கணக்கு. உங்கள் ஒருவர் படத்தை வைத்துக் கோவிட் மந்தம் என்று உறுதி செய்ய முடியாது. செய்தாலும் அதற்கென்று தனி மருந்து இல்லை. அதில் பயன்படும் ஃப்ளூரின்-18 இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகத் தேய்ந்துவிடும் என்பதால் அன்றன்றைக்கு வரவழைத்து வேலை செய்ய வேண்டும். செலவு கூடுவதற்கு அது ஒரு காரணம். கதிர்வீச்சும் சி.டி.யைவிட அதிகம். எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் சில நோய்களிலும் ஞாபகமறதி நோயை வகைபிரிப்பதிலும் அதற்கு இடம் உண்டு. மந்தத்துக்காக மதுரைக்குப் போய் எடுப்பதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

ஸ்பெக்ட், செயல்பாட்டு எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யைக் கம்ப்யூட்டரில் வண்ணம் போட்டுக் காட்டும் பேக்கேஜ்கள்: இந்தக் கேள்விக்கு இவை ஆராய்ச்சிக்கூடத்து விஷயங்கள், விட்டுவிடலாம். சாதாரண ஈ.ஈ.ஜி. வேறு. வலிப்போ, திடீர் திடீரென்று நினைவு அறுந்து வெறித்துப் பார்ப்பதோ இருந்தால் அது கட்டாயம் தேவை, விலையும் குறைவு.

இன்னொன்று, காய்ச்சல் போய்ச் சில நாட்களில் இரண்டு கால்களும் மதமதத்து, பலவீனம் கீழிருந்து மேலே ஏறினால் அது குயிலான் பாரே நோயாக இருக்கலாம். அதற்குத் தலையை ஸ்கேன் செய்வது வீண். நரம்புக் கடத்தல் சோதனையும் முதுகுத்தண்டு நீரும்தான் பதில் சொல்லும். மூச்சுத் தசையையும் பிடித்துவிடும் என்பதால் ஒருநாளும் தள்ளிப்போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் எடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான்

இதைச் சொன்னால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள். எங்கள் மதினி கதையைச் சொன்னால் விளங்கும். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர். தட்டை மடியில் வைத்தால் டி.வி. சீரியலைப் பார்த்துக்கொண்டே கை தானாக இலையை வெட்டும், தூளைத் தூவும், சுற்றும், நூல் கட்டும். கோவிட் வந்து போன பிறகு கை ஓடியது, எண்ணிக்கைதான் நிற்கவில்லை. இருபத்தைந்துக்கு ஒரு கட்டு போடும்போது பதினெட்டில் நின்று மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். "தம்பி, எண்ணிக்க மனசுல நிக்க மாட்டேங்கு" என்று ஒருநாள் அழுதேவிட்டார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்த எடுப்பிலேயே சி.டி. எழுதினார்கள். நார்மல். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு பார்த்த டாக்டர் முதலில் கேட்டது படத்தை அல்ல. படுக்க வைத்து, ஐந்து நிமிடம் கழித்து நாடியைப் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லிப் பத்து நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒருதரம் நாடியும் பிரஷரும் பார்த்தார். நின்றதும் பிரஷர் விழாமலே நாடி, படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றது. வைரஸுக்குப் பின் தன்னியக்க நரம்புகள் தடுமாறுவதில் இது அடிக்கடி காணப்படுவது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 40 துடிப்பு கூடினால்தான் கணக்கு. நின்றால் மூளைக்கு ரத்தம் சீராகப் போகாத ஆளுக்குக் கவனம் எப்படி நிற்கும்? இந்தச் சோதனைக்கு ஒரு கட்டில், ஒரு கடிகாரம், ஒரு பிரஷர் கருவி போதும். மயங்கி விழலாம் என்பதால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எந்த ஸ்கேனிலும் இது தெரியாது.

ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தது. ஹீமோகுளோபினும் குறைவு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் போடுகிறவர்களுக்கும், வயிற்றெரிச்சல் மாத்திரையை மிட்டாய்போல் விழுங்குகிறவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். அது தனியாகவே மறதியையும் கால் எரிச்சலையும் கொடுக்கும். தைராய்டு, சர்க்கரை, தூக்கம், குறட்டை, மனச்சோர்வு இவற்றையும் இதே சுற்றில் பார்த்துவிட வேண்டும். கோவிட் நேரத்தில் ஸ்டீராய்டு ஏறியவர்களுக்குச் சர்க்கரையை மறக்கவே கூடாது. தலைவலியும் கண்மங்கலும் இருந்தால் கண்ணின் பின்புற நரம்பைப் பார்ப்பது அருமையான சோதனை: மூளைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் அந்த நரம்பு பெரும்பாலும் வீங்கிக் காட்டும். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இருக்கிறது. இதற்காக வெளியூர் போக வேண்டியதில்லை.

மறதியை அளக்க முப்பது மதிப்பெண் கொண்ட மோகா என்ற பத்து நிமிடத் தேர்வு தமிழிலும் உண்டு. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குக் கனசதுரம் வரையச் சொன்னால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். ஒரு மதிப்பெண் சலுகை கொடுத்தும் அது முழுதாக ஈடாவதில்லை. மதினி விஷயத்தில் அதைவிட நல்ல அளவுகோல் வீட்டிலேயே இருந்தது. தினமும் கடையில் போட்ட பீடி எண்ணிக்கை பதியும் பாஸ் புத்தகம். காய்ச்சலுக்கு முந்தைய மாதங்களும் பிந்தைய மாதங்களும் அதில் வரிசையாக இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களிடம் முந்தைய ஸ்கேன் இருந்ததுபோல் எங்களிடம் முந்தைய கணக்கு இருந்தது. டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்த வாரத்திலிருந்து சரிந்தது, எப்போது மெல்ல ஏறுகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொண்டார். டெய்லருக்குத் தைத்த துணிக் கணக்கு, வாத்தியாருக்குத் திருத்திய விடைத்தாள் என்று உங்களிடமும் ஏதாவது ஒன்று இருக்கும்.

பி12 ஊசி, இரும்பு மாத்திரை, உப்பும் நீரும் கூட்டியது, மதியம் படுத்து எழுந்தது என்று அவர் பாதிக்குமேல் தேறினார். முழுதாக இல்லை. இப்போதும் சீரியல் பார்த்துக்கொண்டே எண்ண வராது.

எம்.ஆர்.ஐ. எடுக்கவே வேண்டாமா என்றால், அப்படியில்லை. டாக்டர் சுத்தியலும் டார்ச்சும் வைத்துச் சோதித்ததில் ஏதாவது பக்கவேறுபாடு தெரிந்தால், மறதி மாதத்துக்கு மாதம் கூடினால், நடை தள்ளாடினால், தலைவலியின் குணம் மாறினால், அறுபதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கோவிடுக்குப் பிந்தைய நிலைக்குக் கொடுத்த வரையறையிலேயே 'வேறு நோயால் விளக்க முடியாத' என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த 'வேறு நோய்' இல்லை என்று உறுதி செய்ய ஒரு முறை நல்ல எம்.ஆர்.ஐ. எடுப்பது நியாயம்.

சும்மா எடுத்துப் பார்ப்போம் என்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. தொந்தரவே இல்லாத ஆட்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்த பல ஆய்வுகளை 2009-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 37 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத ஏதோ ஒன்று தெரிந்தது. நீர்க்கட்டி, சின்ன மூளை உறைக் கட்டி, ரத்தக்குழாய்ப் புடைப்பு. வயதானவர்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளிகள் இந்தக் கணக்கிலேயே சேராது. நம் நாட்டில் இதோடு பழைய நாடாப்புழுக் கட்டி சுண்ணாம்பாகிக் கிடப்பதும் தற்செயலாகத் தெரியும். ரிப்போர்ட்டில் 'ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்' (சின்ன ரத்தக்குழாய்களில் ஓட்டம் குறைந்ததன் அடையாளம்) என்று ஒரு வரி வந்தால் போதும், வீடே ராத்திரி தூங்காது. அறுபது வயதுக்காரருக்கு அது தலை நரைத்ததுபோல் சாதாரணமாகவும் இருக்கலாம்; பிரஷரைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். கோவிட் மந்தத்துக்கு அதுவே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எங்கே எடுப்பது? முதலில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களின் கட்டணம் வெளியே வாங்குவதைவிட வெகு குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பணம் கட்டும் முன்பே அதைக் காட்டிக் கேட்க வேண்டும். குறை, காத்திருப்பு. அவசர நோயாளிகள் வரவர உங்கள் தேதி தள்ளிப்போகும். தனியாரில் அன்றைக்கே எடுத்து மாலையில் ரிப்போர்ட் வாங்கிவிடலாம், ஆனால் பீடிக் கூலிக்காரருக்கு அது பல வாரச் சம்பாத்தியம். நாள்பட்ட மந்தத்துக்குச் சில வாரம் காத்திருப்பதால் ஒன்றும் குடிமுழுகாது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளுக்குத்தான் காத்திருக்கக் கூடாது.

எங்கே எடுத்தாலும் ஃபிலிமோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கோ மதுரைக்கோ மேல்கருத்துக்குப் போக நேர்ந்தால், அங்கே டாக்டர் பார்க்க விரும்புவது ரிப்போர்ட்டின் கடைசி வரியை அல்ல, அந்தத் தகட்டிலுள்ள எல்லாப் படங்களையும். தகடு இல்லாவிட்டால் மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள். புதிய அறிகுறி எதுவும் வராதவரை, ஆறு மாதத்துக்கு ஒருதரம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.